ஜப்பானுக்குக் குரூப் டூர்: கிளம்பும் முன் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டிலிருந்து ஜப்பான் செல்லும் குழுக்களை ஒருங்கிணைப்பது என் வேலை. முன்பதிவு முடிந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒரே இடத்தில் தருகிறேன். ஓட்டல், ரயில், பேருந்து, நுழைவுச்சீட்டு எல்லாம் டூர் நடத்துபவர் பொறுப்பு. கால்கள், பெட்டியின் எடை, சாப்பாடு, நேரம் ஆகிய நான்கும் உங்கள் பொறுப்பு. ஜப்பான் பயணம் சிரமமாகிப் போனவர்களிடம் பேசிப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். அதனால் இந்த நான்கைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

ஜப்பான் பாதுகாப்பான நாடு என்கிறார்கள். பிறகு எதற்குக் குரூப்பில் போக வேண்டும்? தனியாகவே போகலாமே?

போகலாம். இளைஞர்கள், ஃபோனில் வரைபடம் பார்த்து ரயில் மாறத் தயங்காதவர்கள், வெளியில் எதையும் சாப்பிடக்கூடியவர்கள் தனியாகப் போனால் இன்னும் நன்றாகவே இருக்கும். வயதான பெற்றோருடன் போகிறவர்களுக்கும், சுத்த சைவக்காரர்களுக்கும், முதன்முறை வெளிநாடு போகிறவர்களுக்கும் குரூப் டூரைத்தான் சொல்வேன். டோக்கியோவின் ஷின்ஜுகு ரயில் நிலையத்தில் மட்டும் 200க்கும் மேற்பட்ட வாசல்கள் உண்டு. அங்கே சரியான வாசலைத் தேடும் அலைச்சலைக் கைடு ஒருவர் மிச்சப்படுத்துவது பெரிய உதவி.

எந்த மாதம் போகலாம்?

செர்ரிப் பூ பார்க்க ஆசை என்றால் டோக்கியோ, கியோட்டோ பக்கம் மார்ச் கடைசி வாரம் முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை. ஆண்டுக்கு ஆண்டு சில நாட்கள் முன்பின் ஆகும், விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். இலை சிவக்கும் காலம் கியோட்டோவில் நவம்பர் பிற்பாதி. என் விருப்பம் இதுதான்.

நம் பள்ளி விடுமுறையில் போகிற குடும்பங்கள் ஏப்ரல் 29 முதல் மே 5 வரையிலான ‘கோல்டன் வீக்’கைத் தவிர்த்துவிடுங்கள். ஜப்பானே விடுமுறையில் ஊர் சுற்றும் வாரம் அது. மே நடுவில் வானிலையும் இதமாக இருக்கும். ஜூன் தொடங்கி ஜூலை நடு வரை மழை, ஆகஸ்டில் சென்னையைப் போன்ற புழுக்கம், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை புயல் வரலாம்.

பேக்கேஜ் விலையில் எதெல்லாம் அடங்கும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

“எல்லாம் சேர்த்துத்தான்” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் ஏற்காதீர்கள், எழுத்தில் கேளுங்கள். ஜிஎஸ்டி, டிசிஎஸ் (டூர் பணம் வாங்கும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) இரண்டும் விலைக்குள்ளா வெளியிலா? மதியச் சாப்பாடு எத்தனை நாள் உண்டு? தனி அறை வேண்டுமென்றால் கூடுதல் எவ்வளவு? கியோட்டோ போன்ற நகரங்கள் வசூலிக்கும் தங்கும் வரியை யார் கட்டுவது? கைடுக்கும் ஓட்டுநருக்கும் ‘டிப்ஸ்’ என்று தனியாக வாங்குவார்களா? ஜப்பானில் டிப்ஸ் கொடுக்கும் வழக்கமே கிடையாது. ஆனாலும் நம் ஊர் டூர்களில் பலவற்றில் ஒரு தொகையை முன்னதாகவே வாங்கிவிடுவார்கள்.

டிசிஎஸ் உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது அதைக் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் பெறலாம். ஓய்வுபெற்ற பலர் இது தெரியாமல் விட்டுவிடுகிறார்கள், எனவே ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக ஒரு கேள்வி: “ஃபுஜி மலை பார்ப்பது” என்றால் என்ன? பேருந்து மலையின் ஐந்தாம் நிலையம் வரை ஏறுமா, அடிவார ஏரிக்கரையில் நின்று பார்ப்பதா? 3,776 மீட்டர் உயர மலைதான், ஆனாலும் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. கோடையில் அப்படி மூடும் நாட்கள் அதிகம், குளிர்காலக் காலைகளில்தான் நன்றாகத் தெரியும். மலை தெரியும் என்று எந்த டூர்காரராலும் உறுதி சொல்ல முடியாது.

பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும் இருக்கிறது, குடும்பப்பெயர் இடம் காலி. சிக்கல் வருமா?

தமிழர்களுக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. இனிஷியல் வைத்து எழுதும் நமக்கு ஆதாரில் ஒரு விதம், பான் அட்டையில் ஒரு விதம், பாஸ்போர்ட்டில் இன்னொரு விதம். பயணத்துக்கு பாஸ்போர்ட் மட்டுமே கணக்கு. விமானச்சீட்டு, விசா, காப்பீடு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயர் இருக்க வேண்டும். ஒற்றைப் பெயரை விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பதியும், எனவே சீட்டு எடுப்பதற்கு முன்பே டூர் அலுவலகத்தில் பாஸ்போர்ட் பக்கத்தைக் காட்டிவிடுங்கள். எடுத்த பிறகு பெயர் திருத்துவது செலவு, சில சமயம் முடியவே முடியாது.

பாஸ்போர்ட் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்கட்டும். தமிழ்நாட்டுக் குழுக்கள் பெரும்பாலும் சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக் வழியாகப் போகின்றன. இடையில் இறங்கும் நாட்டின் விதிக்கும் நாம் தயாராக இருக்க வேண்டும்.

விசா எடுப்பது கடினமா?

ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால் கடினமில்லை. 2024 ஏப்ரல் முதல் இந்தியாவில் வசிப்பவர்களுக்கு மின் விசா முறை நடைமுறையில் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் ஒட்ட மாட்டார்கள். விசா வழங்கிய அறிவிப்பை இணைய இணைப்புடன் ஃபோன் திரையில் திறந்து காட்ட வேண்டும். ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், அச்சுப் பிரதி எதையும் ஏற்க மாட்டார்கள். சென்னை விமான நிலையத்திலேயே இதைக் கேட்பார்கள். ஸ்மார்ட்ஃபோன் பழக்கமில்லாத பெரியவர்கள் வந்தால், அவர்களுடைய அறிவிப்பை யாருடைய ஃபோனில் திறப்பது என்று வீட்டிலேயே முடிவுசெய்து ஒருமுறை திறந்தும் பாருங்கள்.

ஜப்பானின் ‘விசிட் ஜப்பான் வெப்’ தளத்தில் குடிநுழைவு, சுங்க விவரங்களை முன்பே பதிந்தால் ஒரு க்யூஆர் குறியீடு கிடைக்கும். அதைக் காட்டினால் இறங்கிய பிறகு படிவம் நிரப்ப வேண்டியதில்லை.

அப்பாவுக்கு 70 வயது. பேருந்தில்தானே போகிறோம், நடை அதிகம் இருக்காது அல்லவா?

இருக்கும். ஜப்பானில் ஒரு சுற்றுலா நாளில் 15,000 அடிகள் நடப்பது சாதாரணம், 20,000 தாண்டும் நாட்களும் உண்டு. பேருந்து கோயில் வாசலில் இறக்கிவிடாது. குறிப்பிட்ட நிறுத்தத்தில் இறக்கிவிட்டு வேறெங்கோ நிறுத்தப் போய்விடும். கியோட்டோவின் கியோமிசு-தெராவுக்கு நிறுத்தத்திலிருந்து மேட்டுச் சாலையில் ஏறித்தான் போக வேண்டும், கோயிலுக்குள்ளும் படிகள் உண்டு. அதே ஊரின் ஃபுஷிமி இனாரி கோயிலின் சிவப்பு வாயில் வளைவுகள் 233 மீட்டர் உயரமுள்ள மலை முழுக்கப் போகின்றன. உச்சி வரை போய்த் திரும்ப இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். ஆனால் அடிவாரத்தில் உள்ள முதல் வரிசை வளைவுகளே போதுமான அழகு. முழங்கால் வலி உள்ளவர்கள் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம், அதில் எந்தக் குறையும் இல்லை. அசாகுசாவின் சென்சோ-ஜி, நாராவின் தோதாய்-ஜி, ஹிரோஷிமா அமைதிப் பூங்கா மூன்றும் பெரும்பாலும் சமதரை.

ரயில் நிலையங்களில் லிஃப்ட் உண்டு, ஆனால் அது நடைமேடையின் இன்னொரு கோடியில் இருக்கும். சக்கர நாற்காலி வைத்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். நிலைய ஊழியர் பலகை போட்டு ரயிலில் ஏற்றிவிடுவார், இறங்கும் நிலையத்துக்கும் தகவல் சொல்லிவிடுவார். இதில் ஜப்பானியர் காட்டும் அக்கறை எனக்கு எப்போதும் மனம் நெகிழ வைக்கும் விஷயம். ஆனால் எல்லாம் முன்னேற்பாட்டுடன் நடக்க வேண்டும். “ஏதாவது பார்த்துக்கலாம்” என்று கடைசி நிமிடத்தில் சொன்னால் முழுக் குழுவும் நிற்கும்.

பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே தினசரி நடக்கத் தொடங்குங்கள். மெரினாவில் சமதரையில் நடப்பது மட்டும் போதாது, மாடிப்படி ஏறி இறங்குவதையும் சேருங்கள். புது ஷூ வாங்கினால் இந்த நடைப்பயிற்சியிலேயே போட்டுப் பழகுங்கள். லேஸ் கட்டும் ஷூவைவிட எளிதில் கழற்றி மாட்டும் ஷூ நல்லது, ஏனென்றால் கோயில்களிலும் சில உணவகங்களிலும் திரும்பத் திரும்பக் கழற்ற வேண்டியிருக்கும். சாக்ஸில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதய நோய், மூட்டு அறுவை போன்றவை இருந்தால் பணம் கட்டும் முன்பே டூர் நடத்துபவரிடம் சொல்லிவிடுங்கள். மறைத்தால் சேர்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. சிரமம் அந்தப் பெரியவருக்குத்தான்.

எவ்வளவு பெரிய பெட்டி எடுத்துவரலாம்?

நீங்களே தூக்கிப் படியேறக்கூடிய பெட்டி. இதைவிடச் சரியான அளவுகோல் எனக்குத் தெரியாது. போர்ட்டர் கிடைப்பார் என்று எண்ண வேண்டாம்.

ஷின்கான்சென் அதிவேக ரயில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரத்தில் போய்விடும். கியோட்டோவில் நிற்பது ஒன்றிரண்டு நிமிடம். அதற்குள் இருபத்தைந்து பேர் பெட்டிகளோடு இறங்க வேண்டும். முந்தைய நிலையம் தாண்டியதுமே எழுந்து கதவருகே வரிசையாக நிற்கச் சொல்வோம். பெரிய பெட்டியுடன் ஒருவர் வழியில் சிக்கிக்கொண்டால் பின்னால் இருப்பவர்கள் அடுத்த ஊருக்குப் போக வேண்டியதுதான்.

அளவுக்கும் விதி உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 செ.மீ. தாண்டும் பெட்டிக்கு இந்த வழித்தடத்தில் தனி இருக்கை முன்பதிவு வேண்டும். அது இல்லாமல் ஏறினால் 1,000 யென் கட்ட வேண்டும். 250 செ.மீ. தாண்டினால் ஏற்றவே கூடாது. விமானங்களின் பொதுவான வரம்பான 158 செ.மீ.க்குள் இருக்கும் பெட்டி இங்கும் சரியாக இருக்கும்.

நல்ல டூர்களில் பெரிய பெட்டிகளை ‘டக்யூபின்’ சேவையில் ஓட்டலிலிருந்து அடுத்த ஊர் ஓட்டலுக்கு நேரே அனுப்பிவிடுவார்கள். கறுப்புப் பூனை முத்திரையுள்ள யமாட்டோ நிறுவன வண்டிகளை நகரமெங்கும் காணலாம். பெட்டி வழக்கமாக மறுநாள் போய்ச் சேரும். எனவே ஒரு இரவுக்கான உடை, மாத்திரை, சார்ஜர், பல் துலக்கும் பொருட்கள் கொண்ட தோள்பை கட்டாயம் வேண்டும். பாஸ்போர்ட்டைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பயணி எப்போதும் அசல் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம், காவலர் கேட்டால் காட்ட வேண்டும்.

நாங்கள் சுத்த சைவம். ஜப்பானில் சமாளிக்க முடியுமா?

முடியும், தயாரிப்போடு போனால். சிக்கல் எங்கே என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஜப்பானியச் சமையலின் அடிப்படைச் சாறு ‘தாஷி’. பெரும்பாலும் இதைக் கட்சுவோபுஷி என்ற உலர்ந்த மீன் சீவலும் கொம்பு என்ற கடற்பாசியும் சேர்த்து எடுப்பார்கள். மிசோ சூப், உதோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகளின் குழம்பு, வேகவைத்த காய்கறி, முட்டைச் சுருள் எல்லாவற்றிலும் இது இருக்கும். தட்டில் மீன் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படாது, காய்கறிதானே என்று சாப்பிட்டுவிடுவோம். ஜப்பானியக் கறிக் குழம்புக் கட்டிகளிலும் பெரும்பாலும் விலங்குக் கொழுப்பு சேர்ந்திருக்கும். காய்கறி தெம்புராவை இறால் பொரித்த அதே எண்ணெயில் பொரிப்பார்கள். “சைவம்” என்று மட்டும் சொன்னால் இறைச்சி வேண்டாம், மீன் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ளும் சமையலறைகளும் உண்டு. அதனால் “இறைச்சி, கோழி, மீன், இறால், மீன் தாஷி எதுவும் வேண்டாம்” என்று ஜப்பானிய மொழியில் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முட்டை, வெங்காயம், பூண்டு தவிர்ப்பவர்கள் அதையும் அதில் சேர்க்கச் சொல்லுங்கள். வாயால் விளக்குவதைவிட அட்டையை நீட்டுவது அவர்களுக்கும் வசதி.

குரூப் டூரில் இரவு உணவு பெரும்பாலும் இந்திய உணவகத்தில் இருக்கும். டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா எல்லாவற்றிலும் இந்திய உணவகங்கள் உண்டு. டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன, அங்கே மளிகைக் கடையும் கிடைக்கும். காலையில் ஓட்டல் பந்தியில் சோறு, ரொட்டி, பழம், தயிர், சாலட் இருக்கும். திண்டாட்டம் மதியத்தில்தான். செவன்-இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் கடைகளில் வாழைப்பழம், சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு, உப்பிட்ட சோயா காய், வறுத்த கொட்டைகள், சோயா பால் கிடைக்கும். கைடைக் கூட அழைத்துப் போய் ஒருமுறை பொட்டலங்களைப் படிக்கச் சொன்னால் அடுத்த நாட்களுக்கு நீங்களே எடுத்துக்கொள்வீர்கள்.

ஆனால் ஒரு வேளையாவது ஜப்பானியச் சைவத்தைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள். புத்த துறவிகளின் ‘சோஜின் ரியோரி’ முற்றிலும் சைவம், மீன் தாஷிக்குப் பதில் கடற்பாசியும் காளானும் போட்டுச் சாறு எடுப்பார்கள். கியோட்டோ அராஷியாமாவில் தென்ரியூ-ஜி கோயில் வளாகத்துக்குள்ளேயே அப்படி ஓர் உணவகம் இருக்கிறது. எள்ளில் செய்த தோஃபு ஒரு கிண்ணம், ஊறுகாய், சாறு, சோறு என்று சின்னச் சின்னக் கிண்ணங்களாக வரும். குழுவில் போதுமான சைவக்காரர்கள் இருந்தால் பயணத் திட்டத்தில் இதைச் சேர்க்கும்படி முன்பே கேளுங்கள்.

மாட்டிறைச்சி மட்டும் தவிர்ப்பவர்களுக்கு: ஒசாகா, கியோட்டோ பக்கம் மெனுவில் எந்த இறைச்சி என்று சொல்லாமல் பொதுவாக இறைச்சி என்று மட்டும் போட்டிருந்தால் அது பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுபோகலாமா?

இட்லிப்பொடி, பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தொக்கு, ஊறுகாய், முறுக்கு, வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, சேமியா எல்லாம் கொண்டுபோகலாம். ஓட்டல் அறைகளில் வெந்நீர்க் கெட்டில் வழக்கமாக இருக்கும். தொக்கும் ஊறுகாயும் செக்-இன் பெட்டியில், இரட்டைப் பையில்.

இறைச்சி எந்த வடிவிலும் கூடாது. கருவாட்டுக்கும் மீனுக்கும் விதி வேறு, ஆனால் சிக்கன் ஊறுகாய், மட்டன் தொக்கு, உப்புக்கண்டம் கொண்டுபோனால் சட்டப்படி சிறையும் பெரும் அபராதமும் விதிக்க இடமுண்டு. பச்சைக் கறிவேப்பிலை, எலுமிச்சை, மாம்பழம் போன்றவையும் வேண்டாம், தாவரப் பரிசோதனைச் சான்று இல்லாமல் பறித்துக்கொள்வார்கள்.

எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர்?

வேண்டாம். அங்கே மின்சாரம் 100 வோல்ட், நம் 230 வோல்ட் குக்கர் சரியாகச் சூடாகாது, அறையில் சமைக்க ஓட்டல்கள் அனுமதிப்பதும் இல்லை. ஃபோன் சார்ஜர் வேலை செய்யும். இரண்டு தட்டை முள் கொண்ட பிளக் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் எடுத்துப்போவதில் தடை உண்டா?

சொந்த உபயோகத்துக்கு ஒரு மாத அளவுக்குள் இருந்தால் வழக்கமான மருந்துகளுக்கு முன் அனுமதி தேவையில்லை. தானே போட்டுக்கொள்ளும் இன்சுலினும் இதில் அடங்கும். மருத்துவர் சீட்டு, மருந்தின் அசல் அட்டை இரண்டும் கூடவே இருக்கட்டும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் கொட்டி எடுத்துவராதீர்கள்.

கவனிக்க வேண்டியது சளி, இருமல் மருந்துகளை. சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்து ஜப்பானுக்குள் வரவே கூடாது. கோடீன் ஒரு சதவீதத்தைத் தாண்டினால் போதைப்பொருள் கணக்கில் வரும். நம் ஊரில் மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கிறது என்பது அங்கே நியாயமாகாது. மனநல மருந்து, தூக்க மாத்திரை, கடும் வலி நிவாரணி சாப்பிடுபவர்கள் மருந்தின் வேதிப்பெயருடன் முன்பே விசாரித்துவிடுங்கள். சிலவற்றுக்கு முன் அனுமதிச் சான்று வாங்க வேண்டியிருக்கும்.

பயணக் காப்பீடு அவசியமா?

அவசியம். ஏற்கெனவே உள்ள நோய்களைப் படிவத்தில் எழுதுங்கள், எழுதாமல் விட்டால் தேவைப்படும் நேரத்தில் காப்பீடு கை கொடுக்காது. ஜப்பானில் வெளிநாட்டவர் முழு மருத்துவச் செலவையும் தாங்களே கட்ட வேண்டும். கட்டாமல் வந்துவிட்டால் அடுத்த முறை நாட்டுக்குள் அனுமதி மறுக்கப்படலாம்.

பணம் எப்படி எடுத்துப்போவது?

ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, கொஞ்சம் யென் ரொக்கம். பெரிய கடைகளில் கார்டு செல்லும், கோயில் நுழைவு, சின்ன உணவகம், கோயில் தெருக் கடைகளில் பல இடங்களில் ரொக்கம்தான். செவன்-இலெவன் ஏடிஎம்களில் வெளிநாட்டுக் கார்டில் யென் எடுக்கலாம். 500 யென் வரை நாணயமாகவே இருப்பதால் சில்லறைப்பை வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வு நாளில் தனியாகச் சுற்றுவதாக இருந்தால் சூய்கா அல்லது இக்கோகா கார்டு வாங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் ரயில் சீட்டு எடுக்க வேண்டாம்.

பொருட்களுக்கு 10 சதவீத நுகர்வு வரி உண்டு. 5,000 யென்னுக்கு மேல் வாங்கும் சுற்றுலாப் பயணிக்கு அசல் பாஸ்போர்ட்டைக் காட்டினால் விலக்கு. 2026 நவம்பர் 1 முதல் கடையில் வரியோடு கட்டி, நாட்டைவிட்டுக் கிளம்பும்போது சரிபார்த்த பின் திரும்பப் பெறும் முறை வருகிறது.

பத்து நிமிடம் தாமதமானால் கைடு காத்திருக்க மாட்டாரா?

கைடு காத்திருப்பார், ரயில் காத்திருக்காது. 2017 நவம்பரில் டோக்கியோ அருகே ட்சுகுபா எக்ஸ்பிரஸ் ரயில் ஒன்று 20 வினாடி முன்னதாகக் கிளம்பிவிட்டதற்கு அந்த நிறுவனம் பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்டது. அப்படிப்பட்ட ஊர் அது. சுற்றுலாப் பேருந்தும் பல இடங்களில் குறித்த நேரத்துக்கு வந்து ஏற்றிக்கொண்டு உடனே நகர வேண்டும். ஓட்டுநரின் வேலை நேரத்துக்குச் சட்ட வரம்பும் உண்டு. காலையில் நாம் இழக்கும் அரை மணி நேரத்தை மாலையில் அவர் ஈடுகட்ட முடியாது, கடைசி இடத்தைப் பார்க்காமல் ஓட்டலுக்குத் திரும்ப வேண்டியிருக்கும்.

இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தாமதமாக வருபவர் இழப்பது தன் நேரத்தை மட்டுமல்ல. கியோட்டோவின் பொன் தகடு வேய்ந்த கின்காகு-ஜி கோயிலை வாழ்நாளில் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று சேமித்து வந்த ஓர் அம்மாவின் இருபது நிமிடத்தையும் அவர் எடுத்துக்கொள்கிறார். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே, கழிப்பறை போய்விட்டு, தண்ணீர் நிரப்பிக்கொண்டு கீழே வந்து நில்லுங்கள். அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணி முன்னால். முதல் இரண்டு நாள் காலை ஏழு மணி உங்கள் உடம்புக்கு அதிகாலை மூன்றரையாகத் தோன்றும், இரவு சீக்கிரம் படுங்கள்.

கழிப்பறையில் தண்ணீர் இருக்குமா?

இருக்கும். ஓட்டல்களிலும் பெரும்பாலான நிலையங்களிலும் பொத்தானை அழுத்தினால் வெதுவெதுப்பான நீர் வரும். ஐரோப்பா போய்வந்தவர்கள் இதற்காகவே ஜப்பானை வாழ்த்துவார்கள். கை துடைக்கத்தான் பல இடங்களில் காகிதம் இருக்காது, கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் குப்பைத் தொட்டிகளும் அரிது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த சாரின் விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பொது இடங்களில் பலவற்றை எடுத்துவிட்டார்கள். ஒரு பையில் சேர்த்து ஓட்டலில் போடுங்கள்.

ஒரு நாள் ரியோகானில் தங்கல் என்று போட்டிருக்கிறது. அது என்ன?

ஜப்பானிய மரபு விடுதி. கோரைப் பாய் தரையில் ஃபுதோன் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும், சாப்பாடும் சில இடங்களில் தரையில் உட்கார்ந்துதான். நமக்குப் பழக்கமானது என்றாலும் முழங்கால் மாற்றிய பெரியவர்களுக்குக் கட்டில் உள்ள அறையை முன்பே கேட்டுவிடுங்கள்.

ஹகோனே போன்ற இடங்களில் வெந்நீர் ஊற்றுக் குளியல் உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி, உடை எதுவும் இல்லாமல் இறங்க வேண்டும், அதற்கு முன் நன்றாகக் குளித்திருக்க வேண்டும். பச்சை குத்தியவர்களைச் சில இடங்களில் அனுமதிப்பதில்லை. நம் பாட்டிமார் கையில் உள்ள பச்சையும் அந்தக் கணக்கில் வரலாம். கூச்சமாக இருந்தால் இறங்க வேண்டாம், யாரும் தவறாக எண்ண மாட்டார்கள். தனிக் குளியலறை எடுத்துக்கொள்ளும் வசதி உள்ள விடுதிகளும் இருக்கின்றன.

அறையைத் தெரியாத ஒருவருடன் பகிர வேண்டும். எப்படி?

குறட்டை, ஏசி, அதிகாலைப் பூஜை, இரவு விளக்கு நான்கையும் முதல் இரவே பேசிவிடுங்கள். அறைகள் சிறியவை, இரண்டு பெரிய பெட்டிகளை ஒரே நேரத்தில் விரித்துப்போட இடம் இருக்காது. ஒத்துவரவில்லை என்றால் இரண்டாம் நாளே டூர் மேனேஜரிடம் தனியாகச் சொல்லுங்கள். கடைசி நாள் வரை பொறுத்துவிட்டு வெடிப்பவர்களுக்கு யாராலும் உதவ முடிவதில்லை.

பொது இடங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

ரயிலில் ஃபோனில் பேசக் கூடாது, குழுவாக உரக்கப் பேசுவதும் வேண்டாம். டோக்கியோவில் எஸ்கலேட்டரில் இடப்பக்கம் நிற்பார்கள், ஒசாகாவில் வலப்பக்கம். கியோட்டோவின் கியோன் பகுதியில் தனியார் சந்துகளில் நுழைவதும் படமெடுப்பதும் தடை, 10,000 யென் அபராதம் என்று பலகை இருக்கும். வேலைக்குப் போய்க்கொண்டிருக்கும் கெய்கோ (கெய்ஷா) எனும் மரபுக் கலைஞர்களான பெண்களை மறித்துப் படம் எடுக்காதீர்கள்.

நமக்குத் தொடர்புள்ள இடம் ஏதாவது உண்டா?

நாராவின் தோதாய்-ஜியில் ஏறத்தாழ 15 மீட்டர் உயர வெண்கலப் புத்தர் இருக்கிறார். 752இல் அவருக்குக் கண் திறக்கும் சடங்கை நடத்தியவர் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்ற போதிசேனர் என்ற துறவி. அவர் மதுரைக்காரர் என்று ஒரு மரபு உண்டு. கைடு சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். வெளியே மான்கள் திரியும். அவற்றுக்கான பிஸ்கட்டைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள், பிளாஸ்டிக் பையை விழுங்கிவிடும்.

டோக்கியோவின் சுகினாமி பகுதியில் ரென்கோ-ஜி என்ற சிறு கோயில் இருக்கிறது. நேதாஜியின் அஸ்தி என்று கருதப்படுவது அங்கே 1945 முதல் பாதுகாக்கப்படுகிறது. இந்திய தேசிய ராணுவத்தில் மலாயா, பர்மா தமிழர்கள் பெருமளவில் சேர்ந்ததால் அந்த நினைவுள்ள குடும்பங்கள் அங்கே போக விரும்புவார்கள். வழக்கமான திட்டத்தில் இது இருக்காது. ஓய்வு நாளில் மருனோஉச்சி வழித்தடத்தில் ஹிகாஷி-கோயென்ஜி நிலையத்தில் இறங்கி நடந்து போகலாம். உள்மண்டபம் எப்போதும் திறந்திருக்காது, முற்றத்தில் உள்ள அவரது மார்பளவுச் சிலையைப் பார்க்கலாம்.

நிலநடுக்கம் வந்தால் என்ன செய்வது?

சின்ன அதிர்வு அடிக்கடி வரும், பெரும்பாலும் உணர்வதற்குள் முடிந்துவிடும். பெரிதாக வந்தால் எல்லா ஃபோன்களும் ஒரே நேரத்தில் அலறும். வெளியே ஓடாதீர்கள். தலையைப் பையால் மறைத்து மேசைக்கடியில் புகுந்து அதிர்வு நிற்கும் வரை இருங்கள், கண்ணாடிப் பக்கம் போக வேண்டாம், லிஃப்டில் ஏற வேண்டாம். கடலோரமாக இருந்தால் அதிர்வு நின்றதும் உயரமான இடத்துக்குப் போங்கள். ‘சேஃப்டி டிப்ஸ்’ என்ற செயலியை முன்பே இறக்கிக்கொண்டால் எச்சரிக்கைகள் ஆங்கிலத்தில் வரும்.

ஃபோன் இணைப்புக்கு?

இ-சிம் மலிவு, எளிது. ஃபோன் ஏற்குமா என்று இங்கேயே பார்த்துவிடுங்கள். குடும்பமாக வருபவர்கள் பாக்கெட் வைஃபை ஒன்று எடுக்கலாம், ஆனால் அதை வைத்திருப்பவர் பிரிந்து போனால் மற்ற எல்லோருக்கும் இணைப்பு போய்விடும். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

கூட்டத்தில் குழுவை விட்டுப் பிரிந்துவிட்டால்?

நின்ற இடத்திலேயே நில்லுங்கள். தேடி அலைந்தால் இரு தரப்பும் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். குழு ரயிலில் ஏறி நீங்கள் நடைமேடையில் தங்கிவிட்டால் அங்கேயே இருங்கள், கைடோ மேனேஜரோ அடுத்த ரயிலில் திரும்பி வருவார். நீங்கள் ஏறிவிட்டுக் குழு ஏறாமல் போனால் அடுத்த நிலையத்தில் இறங்கி நடைமேடையில் நில்லுங்கள். இந்த இரண்டு வரியையும் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வீட்டிலேயே சொல்லிப் பழக்குங்கள்.

அன்றன்று தங்கும் ஓட்டலின் அட்டையை வரவேற்பில் வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள். ஃபோனில் சார்ஜ் தீர்ந்தாலும் அட்டையை டாக்ஸிக்காரரிடம் காட்டினால் கொண்டுவிடுவார். தெருமுனைகளில் ‘கோபான்’ என்ற சிறு காவல் சாவடிகள் இருக்கின்றன, வழி கேட்டு வருபவர்களுக்கு உதவுவது அங்குள்ள காவலர்களின் அன்றாட வேலை. காவல்துறை 110, ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 119. ஜப்பான் சுற்றுலா அமைப்பின் 24 மணி நேர உதவி எண் 050-3816-2787, ஆங்கிலத்தில் பேசலாம். டூர் மேனேஜரின் எண்ணையும் சேர்த்து இவற்றை ஃபோனில் மட்டுமல்ல, ஒரு தாளிலும் எழுதி பாஸ்போர்ட் உறைக்குள் வையுங்கள்.